மிடறும் துளியும்

மதுவைப் பற்றித் தமிழ் இலக்கியம் பேசியிருப்பது கொஞ்சமன்று. சங்கப் பாடல்களில் அது விருந்தின் அடையாளம். வள்ளுவத்தில் அது நஞ்சு. அதியமான் மறைந்தபோது ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாடலில், அவன் கொடைச் சிறப்பு கள்ளைப் பகிர்ந்துகொண்ட முறையாலேயே முதலில் அளக்கப்படுகிறது. திருக்குறளோ ‘கள்ளுண்ணாமை’ என்று ஓர் அதிகாரத்தையே அதனை விலக்குவதற்கென ஒதுக்கிவிடுகிறது. கொண்டாடுதல், விலக்குதல் என்னும் இவ்விரு துருவங்களுக்கிடையே மூன்றாவது நோக்கு ஒன்று உண்டு. கலத்தில் உள்ள பொருள் நல்லதுதானா, நல்லதாயின் எதனால் நல்லது, அந்த நன்மையை அறிந்துகொள்ளும் வழி யாது என்று வினவும் நோக்கு அது. அதனைத் திறனாய்வு நோக்கு எனலாம்.

இந்நோக்கில் எழுந்த நூல்கள் ஆங்கிலத்தில் பல. அவற்றுள் பதினைந்தே ஆண்டுகளுக்குள் வெளிவந்த மூன்று நூல்கள் தனியே எண்ணத்தக்கவை. 1920-இல் வெளியான ஜார்ஜ் செயின்ட்ஸ்பரியின் ‘நிலவறைக் குறிப்பேட்டுக் குறிப்புகள்’ ஒன்று. 1930-இல் ஈனியஸ் மெக்டொனால்ட் என்ற புனைபெயரில் வெளிவந்த ‘விஸ்கி’ மற்றொன்று. 1935-இல் நாவலாசிரியர் நீல் கன் எழுதிய ‘விஸ்கியும் ஸ்காட்லாந்தும்’ மூன்றாவது. மூன்றையும் எழுதியவர்கள் வணிகர்களல்லர், எழுத்தாளர்கள். காய்ச்சி வடித்த மதுவை மிடறு மிடறாக விழுங்காமல் துளித்துளியாகச் சுவைக்க வேண்டும் என்னும் ஒரே பாடத்தை மூவரும் மூன்று வகையாகக் கற்பிக்கின்றனர். அப்பாடம் உண்மையிலேயே சுவைக் கல்விதானா, அன்றி வசதி படைத்தோரின் பழக்கத்துக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடையா என்பதே ஆராயத்தக்க வினா.

பேராசிரியரின் நிலவறை

செயின்ட்ஸ்பரி (1845–1933) எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1895 முதல் 1915 வரை ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். ஐரோப்பியத் திறனாய்வின் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதியவர். அத்தகையவர் தம் எழுபத்து நான்காம் வயதில் வெளியிட்ட இச்சிறு நூல், அவருடைய பெருநூல்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு இன்றும் படிக்கப்படுகிறது. தம் வீட்டு நிலவறையில் வாங்கி வைத்த மது வகைகளைப் பற்றி அவர் எழுதிவந்த பழைய ஏடே இந்நூலுக்கு அடிப்படை. திராட்சை மதுவுக்கே அதில் முதலிடம். எனினும் பிராந்திக்கும், விஸ்கி, ரம், ஜின் முதலியவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு.

இந்நூலின் தலையாய சிறப்பு ஒப்பீடு. ஓர் ஆண்டின் மதுவை மற்றோர் ஆண்டின் மதுவோடும், ஒரு வடிசாலையின் விஸ்கியை இன்னொன்றின் விஸ்கியோடும் நிறுத்திப் பார்க்கிறார் ஆசிரியர். கிளைனலிஷ், கிளென்லிவெட் எனப் பெயர் சுட்டி வேறுபாடு காண்கிறார். ஸ்காட்லாந்து விஸ்கியென்றால் எல்லாம் ஒன்றே என எண்ணியிருந்த இங்கிலாந்து வாசகர் பலருக்கு இது புதுச் செய்தி. ஒரு புலவனை இன்னொரு புலவனோடு ஒப்பிட்டுத் தனித்தன்மை காட்டும் திறனாய்வாளரின் கை இங்கும் தெரிகிறது.

குறையும் அங்கேயே இருக்கிறது. நூலில் நிறைந்துள்ள இலக்கியக் குறிப்புகளும் மறைமுகச் சுட்டுகளும் எண்ணிறந்தவை. அவற்றைத் தெளிவுபடுத்த 2008-இல் விரிவான விளக்கக் குறிப்புகளோடு ஒரு பதிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. பேராசிரியர் தமக்கு நிகரானவர்களோடு பேசுகிறாரேயன்றி, கற்க விழைபவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதில்லை. அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே வெளியான நூல் அது. மதுவிலக்காளர்களை அவர் எள்ளி நகையாடுகிறார். ஆனால், அவர்கள் எந்தத் துன்பத்தைக் கண்டு அந்நிலைக்கு வந்தார்கள் என்று ஒரு கணமேனும் நின்று எண்ணுவதில்லை. நிலவறை உடையவரின் உலகத்தில் குடிகாரனின் மனைவிக்கு இடமில்லை.

கற்பிக்க முனைந்தவர்

ஈனியஸ் மெக்டொனால்ட் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஜார்ஜ் மால்கம் தாம்சன் (1899–1996) என்ற இதழாளர். எடின்பரோவில் ‘போர்பாய்ஸ்’ பதிப்பகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அப்பதிப்பகமே அவருடைய ‘விஸ்கி’யை வெளியிட்டது. நீல் கன்னின் தொடக்ககால நூல்களையும் அதுவே வெளியிட்டது என்பது கருதத்தக்கது. ஸ்காட்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சியும் அந்நாட்டு மதுவின் மறுமதிப்பீடும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன.

தாம்சனின் நூல் சிறியது. விஸ்கியின் இயல்பு, அதன் வரலாறு, செய்முறை, அது பிறக்கும் நிலப்பகுதிகள், அதை மதிப்பிட்டு வாங்கும் முறை என ஒழுங்காகச் செல்கிறது. அதன் உயிர்நாடியான கருத்து ஒன்றே. விஸ்கியைப் பானமாகக் கருதாமல் மருந்துபோலக் கருதி, விரைந்து மயக்கம் தருகிறதா என்பதை மட்டுமே பார்ப்பவர்கள்தாம் அதற்கு முதற்பகைவர்கள் என்பது அவர் வாதம். மதுவிலக்காளர் விஸ்கியை வெறுக்கிறார். விழுங்குபவரோ அதை அறியவே இல்லை. அறியாதவர் மிகுந்த இடத்தில் தரங்குறைந்த பொருளும் நல்ல பொருளின் விலைக்கே போகும். ஆதலால் சுவை அறிதல் என்பது குடிப்பவனுக்கு இன்பம் மட்டுமன்று, காப்பும் ஆகும். புட்டியின்மேல் ஒட்டப்படும் சீட்டு, உள்ளே இருப்பதன் வயதையும் கலப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டது இதனால்தான்.

அக்கோரிக்கையின் ஆழத்தை உணர அக்கால நிலையை அறிதல் வேண்டும். முளைகட்டிய வாற்கோதுமையைச் செப்புக் கொப்பரைகளில் வடித்தெடுக்கும் பழைய மால்ட் விஸ்கி ஒருபுறம். 1830-ஐ ஒட்டி ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர்வடிப்புக் கலனில், பல தானியங்களிலிருந்து மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கும் சாராயம் மறுபுறம். இரண்டையும் கலந்து விற்பதே பெருவணிகமாயிற்று. எதை விஸ்கி என அழைக்கலாம் என்ற வழக்கு அரச ஆணைக்குழு வரை சென்று, 1909-இல் இரண்டையுமே அவ்வாறு அழைக்கலாம் என முடிந்தது. கலவையில் எது எவ்வளவு என்பது வாங்குபவனுக்குத் தெரியாது. தனி வடிசாலையின் மால்ட் விஸ்கி உலகச் சந்தையில் தன் பெயரோடு உலாவரத் தொடங்கியது 1960-களில் கிளென்ஃபிடிக் போன்ற நிறுவனங்களின் முயற்சிக்குப் பின்னரே. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே அப்பெயர்களை வாசகனின் நாவுக்குப் பழக்கியவர் தாம்சன். திறனாய்வு படைப்புக்கு வழி திறந்து வைப்பதும் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

துளியின் இலக்கணம்

இம்மரபு கற்பிக்கும் முறை எளியது. கலம் வாய் குறுகியதாய் இருத்தல் வேண்டும். மணம் சிதறாமல் நிற்கும். முதலில் பணி செய்வது நாக்கன்று, மூக்கு. இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சிலவற்றையே நாக்கு அறியும். பழம், புகை, தேன், கடற்பாசி என்று விரியும் நுண்வேறுபாடுகள் எல்லாம் மணத்தின் வழியே வருபவை. வாயில் இருக்கும்போதும் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறியே அவை அறியப்படுகின்றன. விழுங்கிவிட்டால் அந்த வாயிலுக்கு நேரமே இல்லை. எனவேதான் சிறு துளியை நாவின்மேல் நிறுத்தி, பரவவிட்டு, பின்னர் மெல்ல இறக்கு என்கின்றனர்.

சிறிது நீர் சேர்ப்பதும் இம்முறையின் ஒரு பகுதி. நீர் சேர்த்தல் மதுவைக் கெடுக்கும் என்பது அறியாதார் கூற்று. நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத சாராயச் செறிவு, பழகாத மூக்கையும் நாவையும் மரத்துப்போகச் செய்துவிடும். வடிசாலைகளில் கலவை தேர்வோரும் நீர் சேர்த்து நேர்ப்பித்த பின்னரே முகர்ந்து தேர்வது வழக்கம். புகைமணம் தரும் குவாயகோல் என்ற பொருள், நீர் சேரும்போது பரப்பை நோக்கி வருகிறது என்று 2017-இல் சுவீடன் அறிவியலாளர் இருவர் கணினிவழி ஆய்வில் காட்டினர். பழக்கம் கண்டதை அறிவியல் பின்னர் விளக்கியது.

இவ்விலக்கணம் இலக்கிய வாசகனுக்குப் புதிதன்று. செய்யுளை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுபவனுக்கும், சொல் சொல்லாக நின்று பொருள் காண்பவனுக்கும் இடையே உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது. நீர் சேர்ப்பது உரையாசிரியரின் பணி போன்றது. மூலத்தின் செறிவைத் தளர்த்தி அதனுள் ஒடுங்கிக் கிடப்பதை வெளிக்கொணர்கிறது. அளவு மிஞ்சினால் மூலமே கரைந்துபோகும் என்பதும் இரண்டுக்கும் பொது. சுவையை அறிந்தால் போதாது, அதற்குப் பெயரிடவும் வேண்டும் என்று இந்நூல்கள் வற்புறுத்துவதும் பொருளுடையது. பெயரிடப்படாத சுவை நினைவில் நிற்பதில்லை. நினைவில் நில்லாததை ஒப்பிட முடிவதில்லை. ஆயினும் பெயர்கள் பெருகிப் பொருள் மெலியும் நோயும் இத்துறையில் உண்டு. ஒரு துளிக்கு இருபது பழங்களின் பெயர் சொல்லும் இன்றைய விளம்பர எழுத்து, வெற்று அடைமொழிகளால் நிறைந்த மதிப்புரைக்கு உடன்பிறப்பு.

மண்ணைக் காட்டியவர்

நீல் கன் (1891–1973) மற்ற இருவரினும் வேறுபட்டவர். ஸ்காட்லாந்தின் வடகோடியில் டன்பீத் என்னும் ஊரில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். ஆயத்தீர்வை அலுவலராகப் பணியாற்றியவர். இன்வர்னெஸ் நகர வடிசாலை ஒன்றில் பல்லாண்டுகள் அரசின் சார்பில் காவலிருந்தவர். 1937-இல்தான் முழுநேர எழுத்துக்காக அப்பணியைத் துறந்தார். விஸ்கியைக் கலத்தில் மட்டுமன்றிக் கொப்பரையிலும் பீப்பாயிலும் கண்டவர் அவர்.

அவர் நூலில் சுவைக்கும் முறை கடைசியில்தான் வருகிறது. முதலில் வருவது பழங்காலத்து மனிதன் ஒருவன் வடித்தலைக் கண்டுபிடிக்கும் கற்பனைக் காட்சி. அதன்பின் ஸ்காட்லாந்து மக்களின் வரலாறு. வாற்கோதுமையும் நீரும் கரிநில எரிபொருளும் உழவனின் கையில் இருந்தன. தன் வீட்டில் வடித்ததை அவன் குடித்தான். வரியும் சட்டமும் வந்தபோது வீட்டுக் கொப்பரை குற்றமாயிற்று. 1823-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் உரிமம் பெற்ற வடிசாலைகள் எழுந்தன. பின்னர்க் கலவை வணிகம் அவற்றையும் தன் தேவைக்கு ஆட்டிவைத்தது. ஒரு காலத்தில் வடிசாலைகளால் நிறைந்திருந்த கேம்பெல்டவுன் நகரில் 1920-களில் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நல்ல மால்ட் விஸ்கியின் அழிவை ஒரு மக்களின் தன்னம்பிக்கை அழிவோடு சேர்த்தே கன் எண்ணுகிறார்.

இவ்விணைப்பில் மிகையுணர்ச்சி இல்லாமல் இல்லை. தேசியத்தின் வெப்பத்தில் சில இடங்களில் தராசு சாய்கிறது. ஆயினும் மற்ற இருவரும் கேட்காத வினாவை அவர் கேட்டுவிடுகிறார். சுவைப்பவன் யார், அவன் சுவைக்கும் பொருளைச் செய்தவன் யார், செய்தவனின் கலத்தில் இப்போது இருப்பது என்ன? இவ்வினா எழுந்தவுடன் மதுத் திறனாய்வு சமூகத் திறனாய்வாகிவிடுகிறது.

துளிக்கு நேரமில்லாதவர்கள்

இவ்வினா மலாயாத் தமிழருக்கு அயலானதன்று. தோட்டப்புறங்களில் கோயிலும் பள்ளியும் போலவே கள்ளுக்கடையும் வாழ்வின் ஓர் அங்கமாக அமைக்கப்பட்டிருந்தது. விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்று களைத்துத் திரும்பியவனுக்கு, அக்கடை ஒன்றே தோட்ட நிர்வாகம் காட்டிய ஆறுதல். தென்னங்கள்ளின் இயல்பும் விரைவையே வேண்டும். இறக்கியவுடன் புளிக்கத் தொடங்கி, ஓரிரு நாளில் காடியாகிவிடும் பொருள் அது. பீப்பாயில் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் பொறுமை அதற்கும் இல்லை. அதை அருந்தியவனுக்கும் அளிக்கப்படவில்லை.

இத்துன்பத்தை உணர்ந்தவர்கள் அம்மக்களே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையோடு மோதல் வரை அது சென்றது. பிற்காலத்தில் கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்துக்கொண்டது. அதனை எதிர்த்துப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு குரல் கொடுத்தது. சம்சுவும் வடித்தெடுத்த மதுதான். ஆனால் அதைத் துளித்துளியாகச் சுவை என்று ஒருவனுக்குச் சொல்வது கேலியாகவே முடியும். சுவைக்க எதுவும் வைக்காமல், மயக்கம் ஒன்றையே விலைபேசி விற்கும் சரக்கு அது.

இங்கேதான் தாம்சனின் வாதம் பாதியில் நின்றுவிடுவது தெரிகிறது. மதுவை மருந்தாக விழுங்குபவனை அவர் பழிக்கிறார். ஆனால் அவனுக்கு மருந்து தேவைப்படும் வாழ்வை யார் அமைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. மெல்லச் சுவைப்பதற்கு நாவு மட்டும் போதாது. ஓய்வு வேண்டும், நாளை பற்றிய அச்சமின்மை வேண்டும், தரமான பொருளை வாங்கும் கூலி வேண்டும். இவை இல்லாதவனிடம் சுவையில்லை என்று சொல்வது, ஏடே கிடைக்காதவனை எழுத்தறியாதவன் என்று இகழ்வதற்கு ஒப்பாகும்.

அதனால் இம்மூவர் கற்பித்த பாடம் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. சுவை வசதியில் பிறக்கலாம்; ஆனால் வசதி மட்டுமே சுவையாகிவிடுவதில்லை. விலையுயர்ந்த புட்டியை மேசைமேல் வைத்து, பனிக்கட்டியை நிரப்பி, பேச்சின் நடுவே என்னவென்றறியாமல் குடித்து முடிக்கும் செல்வர் கூட்டமும் உண்டு. அக்கூட்டத்துக்கும் கள்ளுக்கடையில் விரைந்து குடித்தவனுக்கும் வேறுபாடு பணத்தில்தான், சுவையில் இல்லை. பின்னவனுக்காவது களைப்பு என்னும் காரணம் இருந்தது.

மெல்லப் பருகினால் தீங்கில்லை என்ற ஆறுதலையும் இந்நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாகாது. மதுவில் உடலுக்கு முற்றிலும் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியுள்ளது. துளி, மிடற்றைவிடச் சிறிது, அவ்வளவே. அளவு குறைவதால் தீங்கு குறையலாம், மறையாது. சுவைக் கல்வி ஒழுக்கத்துக்கு மாற்றாகாது. விரைவைத் தடுப்பதால் சில வேளை அதற்குத் துணை நிற்கலாம். தன் கலத்தில் இருப்பதைக் கவனித்துப் பருகுபவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும் வாய்ப்பு உண்டு. ஆயினும் நிறுத்த இயலாத நோயுற்றவனுக்கு எந்த நூலும் நிலவறைச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

தேறல் என்னும் சொல்

திறனாய்வு நோக்கு தமிழுக்கு அறவே புதிதன்று என்பதற்கு ஒரு சொல் சான்றாக நிற்கிறது. சங்க நூல்கள் கள் என்று சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. தேறல் என்றும் சொல்கின்றன. மலைபடுகடாம் முதலிய பாடல்களில் மூங்கிற் குழாயில் அடைத்து முதிரவைத்த தேறல் பேசப்படுகிறது. நாட்பட்ட தேறலின் காரத்தைத் தேள் கொட்டுதலோடு ஒப்பிடும் புறப்பாட்டும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையோ முளைத்தானியம் சேர்த்து அரிசிக் கள் ஆக்கும் முறையைப் படிப்படியாகவே காட்டிவிடுகிறது. அவை வடித்தெடுத்தவையல்ல, புளிக்கவைத்தவை. எனினும் காலம் ஒரு பானத்தை மாற்றும் என்பதையும், அம்மாற்றத்துக்குப் பெயரிட வேண்டும் என்பதையும் அப்புலவர்கள் அறிந்திருந்தனர். தேறு என்ற அடியிலிருந்து பிறந்தது அச்சொல். தெளிதல், முதிர்தல், நம்புதல், துயரிலிருந்து மீளுதல் ஆகிய அனைத்தும் அவ்வடியில் அடங்கும்.

இம்மூன்று நூல்களையும் அச்சொல்லின் அளவுகோலால் அளந்தால் மதிப்பீடு தானே அமைந்துவிடும். செயின்ட்ஸ்பரியிடம் முதிர்ச்சி உண்டு. அவர் மதுவைத் தெளிந்தவர், மனிதரைத் தெளிய முயலவில்லை. தாம்சன் தெளிவானவர், வாங்குபவன் ஏமாறக் கூடாது என்ற அறவுணர்வும் உடையவர். கைக்கொள்ளத்தக்க வழிகாட்டி வேண்டுவோர்க்கு அவர் நூலே முதல் நூல். நீல் கன்னிடம் கலங்கல் உண்டு. ஆனால் அது மண்ணின் கலங்கல். ஒரு துளிக்குள் ஒரு நாட்டாரின் உழைப்பையும் இழப்பையும் காட்டியவர் மூவருள் அவர் ஒருவரே.

தோட்ட வாழ்வை எழுதிய தமிழ்ப் படைப்புகளில் கள்ளுக்கடை பெரும்பாலும் வீழ்ச்சியின் குறியாகவே நிற்கிறது. அது நியாயமே; கண்ணீரைக் கண்டவர்கள் எழுதியவை அவை. ஆனால் அக்கடையில் அமர்ந்தவனின் நாவு எதை அறிந்தது, எதை அறிய மறுக்கப்பட்டது என்று கேட்கும் எழுத்து இன்னும் நிறைய வர வேண்டும். பால்வாளியைத் தூக்கியவனுக்கும் தேறலின் சுவை உரியதாகவே இருந்தது. அவனிடமிருந்து பறிக்கப்பட்டவற்றின் கணக்கில் அந்த ஒரு துளியும் சேர்க்கப்பட வேண்டும்.